எம்.எல்.ஏ. அழுதால் மீம், பி.ஏ. அழுதால்?

அந்தக் காணொளியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. எல்லோருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. செய்தியாளர் சந்திப்பின் நடுவே ஓர் எம்.எல்.ஏ. குரல் தழுதழுத்து அழுததற்கு வடிவேலு வசனம் சேர்த்து மகிழ்ந்தவர்களில், உலக மனநல நாளுக்கு உருகி உருகிக் கவிதை எழுதிய நண்பர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை எழுத வைக்கிறது. அரசியல்வாதிக்கும் மனம் உண்டு, அதுவும் நோயுறும்.

நான் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் உதவியாளராக இருந்தவன். அவருடைய கைப்பேசி என்னிடம்தான் இருக்கும். ஜி.எச்.சில் படுக்கை கேட்பவர், மின்தடைக்குத் திட்டுபவர், காரணமே சொல்லாமல் என் தாயைப் பழிப்பவர் எல்லோரும் நள்ளிரவில் அழைப்பது அந்த ஒரே எண்ணுக்குத்தான். விடிந்தால் காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு. ஒருமுறை அண்ணன், அதாவது எங்கள் எம்.எல்.ஏ., கல்யாண வீட்டுச் சிரிப்போடு துக்க வீட்டில் இறங்கிவிட்டார்; அன்றைய திட்டு முழுவதும் எனக்கு.

“கோடிகளில் புரள்பவருக்கு என்ன மன அழுத்தம்?” என்பீர்கள். ஊழல் செய்திருந்தால் விசாரியுங்கள், தண்டியுங்கள், எனக்கு மறுப்பில்லை. அதற்காக அவருடைய மனம் மனமில்லை என்று ஆகிவிடாது.

“தாங்க முடியாதவர் பதவியை விட்டுப் போகட்டும்” என்போருக்கு: நார்வே பிரதமர் பொன்டெவிக் 1998-இல் தமக்கு மனச்சோர்வு என்று வெளிப்படையாக அறிவித்து, மூன்று வாரங்களுக்கும் மேல் விடுப்பில் இருந்து திரும்பினார், 2001-இல் மீண்டும் பிரதமரானார். பிரிட்டனில் 2012-இல் ஆளுங்கட்சி எம்.பி. சார்லஸ் வாக்கரும் எதிர்க்கட்சி எம்.பி. கெவன் ஜோன்ஸும் தங்கள் மனநோயைப் பற்றி அவையிலேயே பேசினார்கள். மனநலச் சட்டத்தின்கீழ் ஆறு மாதங்களுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்ட உறுப்பினரின் பதவியைப் பறிக்கும் பிரிவு மறு ஆண்டே நீக்கப்பட்டது.

அதெல்லாம் வெளிநாடு என்பீர்கள். சரி, ஈரோட்டுக்கு வருவோம். 2024 மார்ச்சில் எம்.பி. கணேசமூர்த்தி தற்கொலைக்கு முயன்று, சில நாள் சிகிச்சைக்குப் பின் இறந்தார். காரணத்தைத் தீர்ப்பெழுத நான் யார்? ஆனால் நாமெல்லாம் பேசியது தேர்தல் சீட்டுக் கணக்கை மட்டும்தான்.

மனநல உதவிக்கான 14416 எண்ணை நோட்டீஸ் அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்ததும் நாங்கள்தான். எங்களில் ஒருவர் அதை அழைத்தது வெளியே தெரிந்தால், “ஆள் சரியில்லை” என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு; அடுத்த முறை அவருக்குச் சீட்டு இல்லை, எங்களுக்கு வேலை இல்லை. பி.ஏ.க்களுக்கு ஒழுங்கான மாதச் சம்பளம், அந்தக் கைப்பேசியை வேறொருவர் எடுக்க வாரத்தில் ஓர் இரவு, மருத்துவரைப் பார்த்தது யாருக்கும் தெரியாது என்ற உறுதி; கட்சித் தலைமைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இதற்கும் “கட்சிக்காரன் முட்டுக் கொடுக்கிறான்” என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். அந்தக் கைப்பேசியில் இதைவிட மோசமானதையெல்லாம் கேட்டவன் நான்.