டி யூ ஒய் எச் டபிள்யூ

நாளைக்கு இன்டர்னல். ராத்திரி ஒன்பதரைக்கு வகுப்பு வாட்ஸப் குழுவில் 'முக்கிய வினா-விடை' என்று பிடிஎஃப் வந்து விழுகிறது. பார்வையில்லாத பையன் ஒருவன் வகுப்பில் இருப்பது சாருக்கு மறந்திருக்க வழியில்லை, முதல் பெஞ்சில்தான் உட்காருகிறேன். திறந்தேன். ஃபோன் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக் கணீரென்று ஆரம்பித்தது: "டி யூ ஒய் எச் டபிள்யூ."

அதாவது, வரலாறு. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். கோப்புக்குள் கிடப்பது வெறும் ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ் முகமூடி மாட்டிவிடுவது அந்த எழுத்துரு. டாக்பேக்குக்கு முகம் தெரியாது, உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் படிக்கும். வேலூர்ப் புரட்சியில் 1806 மட்டும் சுத்தமாகக் கேட்டது. முன்னாலும் பின்னாலும் செமிகோலன். தமிழைத் தமிழாகவே கோப்பில் சேமிக்கும் யூனிகோடைத் தமிழ்நாட்டு அரசு ஏற்று ஆணை போட்டது 2010-ல். அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. இப்போது டிகிரி முடிக்கப் போகிறேன், பாமினி இன்னும் பாஸாகி வெளியே போன பாடில்லை.

"சார், இது ஃபோன்ல படிக்க மாட்டேங்குது சார்."

"எனக்கு நல்லாத் தெரியுதே தம்பி."

தெரியும் சார். உங்களுக்குத் தெரியும். பிரச்சினையே அதுதானே சார்!

அப்புறம் பெரிய மனசு பண்ணி போட்டோ எடுத்து அனுப்பினார். எதை? அதே பிடிஎஃப்பை, கம்ப்யூட்டர் திரையில் வைத்து. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் கூகுள் லென்ஸில் போட்டேன். "வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள்" வரைக்கும் போனது, சந்தோஷத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வரி: "ஆக்டிவேட் விண்டோஸ்." சிப்பாய்கள் எழுந்தார்களா, படுத்தார்களா, விண்டோஸுக்கே வெளிச்சம். அறைத்தோழனுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு, அவனிடம் நீட்டினேன். உருப்பெருக்கியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ட்யூப்லைட்டு நல்லாப் பெருசாத் தெரியுதுடா" என்றான்.

கடைசியில் எழுத்துரு மாற்றித் தரும் ஏதோ ஒரு தளத்தில் கொண்டுபோய் ஒட்டினேன். அங்கே பொத்தான்களுக்குப் பெயரே கிடையாது. "பட்டன், பட்டன், பட்டன்." எதை அமுக்கினாலும் விளம்பரம். ஒருவழியாகத் தமிழ் வந்தது, ஆனால் அடைப்புக்குறிக்குள் உருப்படியாக இருந்த ஆங்கிலப் பெயர்களையும் சேர்த்துத் தமிழாக்கித் தள்ளிவிட்டது. கவர்னர் ஜெனரல் யாரென்று இனி அவருக்கே தெரியாது.

இத்தனைக்கும் டாக்பேக் 2009-லிருந்து ஆண்ட்ராய்டில் இருக்கிறது, சல்லிக்காசு செலவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தாயிற்று. டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆக, உயிர்வாழ உரிமை இருக்கிறது. வினா-விடைதான் இல்லை. யூனிகோடில் அடித்து அந்த வேர்டு கோப்பை அப்படியே அனுப்பினால் முடிந்தது கதை. போட்டோவும் வேண்டாம், பிடிஎஃப்பும் வேண்டாம்.

இதற்கு நடுவில் குழுவில் ஆளாளுக்கு "நன்றி சார்". வெறும் நன்றியா? "கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள்." டாக்பேக் ஒரு கையைக்கூட விடாமல் படிக்கிறது. பாமினியைத் தவிர உலகத்தில் எல்லாம் அதற்குப் படிக்க வரும்போல. சிரிப்புதான் வருகிறது.

அதைவிடுங்கள், மெஸ்ஸில் இன்றைக்கும் கோதுமை ரவை உப்புமா. வாரத்தில் எத்தனை நாள்தான் ஐயா அதையே கிண்டுவீர்கள்?