அப்பா அம்மாவையும் ரோமுக்குக் கூட்டிப் போங்கள்

ரோமுக்குப் போகிறோம், அப்பா அம்மாவும் வருகிறார்கள் என்று சொன்னதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அவங்களுக்கு அங்க என்ன புரியும்? பேசாம காசிக்கு அனுப்பி வை." போய் வந்து பத்து நாள் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் தப்பு எங்களுடையது. ஒரே நாளில் எட்டு இடம் காட்டும் பஸ்ஸில் ஏறினோம். இறங்கு, போட்டோ எடு, ஏறு. ரோமின் பழைய தெருக்கள் முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் பாவியவை, மேடும் பள்ளமுமாக இருக்கும், அதில் வேகமாக நடந்து நடந்து சாயங்காலம் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. பழைய ரோமானிய விளையாட்டரங்கமான கொலோசியத்தை வெளியில் இருந்து இருபது நிமிடம் பார்த்தோம், அவ்வளவுதான். அன்று ராத்திரியே முடிவு செய்தோம்: இனி ஒரு நாளைக்கு ஒரே இடம், மிச்சமெல்லாம் விட்டுப் போனாலும் பரவாயில்லை.

மறுநாள் கொலோசியத்துக்கே திரும்பிப் போனோம். கி.பி. 80இல் திறந்தது, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடம், கீழ்த்தளத்தில் சுற்றிலும் 80 வளைவுகள். வாசல் வளைவுகளின் மேல் செதுக்கிய ரோமன் எண்கள் சிலவற்றில் இன்னும் தெரிகின்றன, என் மகள் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். அப்பா சுவரில் அங்கங்கே இருந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது கட்டும்போது விட்ட ஓட்டை இல்ல, பின்னாடி எதையோ நோண்டி எடுத்திருக்காங்க" என்றார். சரியாகச் சொன்னார். கல்லோடு கல்லைப் பிணைக்க உள்ளே இரும்புப் பட்டை வைத்திருந்தார்கள், இடைக்காலத்தில் அந்த இரும்புக்காகத்தான் சுவரைக் குடைந்து எடுத்தார்கள்.

அப்பா கரூரில் நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர், பிறகு மேஸ்திரி. எட்டாவது வரைதான் படிப்பு. பழைய ரோமானியக் கோவிலான பாந்தியனுக்குள் நுழைந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் குவிமாடக் கூரையின் குறுக்களவு 43.3 மீட்டர், ஏறக்குறைய 142 அடி. நடுவில் ஒரு தூண் கிடையாது. உச்சியில் பெரிய வட்டத் திறப்பு, அதற்கு மூடி கிடையாது, வெயிலும் மழையும் நேராக உள்ளே விழும். "கம்பி எவ்வளவு கனம் போட்டிருப்பாங்க?" என்றார். கம்பியே இல்லைப்பா என்றேன். அவர் நம்பவில்லை. செல்போனில் தேடித்தேடி அவருக்குத் தமிழில் சொன்னேன்: சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், கல் ஜல்லி. அடியில் கனமான கல், மேலே போகப் போக லேசான கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் எரிமலை நுரைக்கல். கூரையின் தடிமனும் கீழே 21 அடி, உச்சித் திறப்பு அருகே 4 அடி. கம்பி இல்லாத கான்கிரீட் கூரைகளில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது இதுதான்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் அங்கிருந்து நகரவில்லை. "இந்த உசரத்துக்கு எப்படிச் சாரம் கட்டினாங்க, எப்ப பலகையைப் பிரிச்சாங்க, பிரிக்கும்போது எவன் கீழ நின்னான்" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். கூரையில் ஐந்து வரிசையாக, வரிசைக்கு 28 குழிப்பெட்டிகள். அழகுக்குச் செய்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன், "பாரத்தைக் குறைக்கத்தான்" என்று அவர் சொன்னார். முகப்பில் ரோமத் தளபதி அக்ரிப்பாவின் பெயர் இருக்கிறது. அவர் கட்டியது எரிந்துபோய், இப்போது நிற்பது ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் கி.பி. 126 வாக்கில் முடிந்தது. எங்கேயும் கட்டியவர்கள் பெயர் இல்லை. அவர்களைப் பற்றி அன்று அங்கே அவ்வளவு நேரம் யோசித்தது என் அப்பாவாகத்தான் இருக்கும்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழைத் தண்ணி எங்க போகும்?" தேடிக் கண்டுபிடித்தும் விட்டார், தரைக் கல்லில் சின்னச் சின்ன வடிகால் துளைகள், தரையும் லேசாகச் சாய்ந்திருக்கிறது. தினமும் வாசல் கழுவிவிடுகிறவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அப்புறம் ஃபோரம், பழைய ரோமின் நடுவில் இருந்த பொதுச் சதுக்கம், இப்போது இடிபாடுகள். மாக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் மட்டும் மிச்சம் நிற்கின்றன. அதன் அடியில்தான் டொமிஷியன் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து கப்பலேறிய மிளகு இங்கேதான் வந்து குவிந்திருக்கும் என்று சொன்னதும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அமராவதி ஆற்றில் ரோமானியக் காசு கிடைத்த கதை கரூரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காசு புறப்பட்ட ஊரில் அன்று நாங்கள் நின்றோம்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீர் பாட்டிலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். தெருவெங்கும் வளைந்த மூக்குக் குழாயில் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். ஸ்பானிஷ் படிகளில் களைப்பாற உட்காரலாம் என்று நினைக்காதீர்கள், 2019 முதல் தடை, அபராதம் உண்டு. ட்ரெவி நீரூற்றுக்கு விடியற்காலையில் போங்கள். அக்ரிப்பா கி.மு. 19இல் கொண்டுவந்த கால்வாய்த் தண்ணீர்தான் இன்றும் அதற்கு வருகிறது.

வாடிகன் அருங்காட்சியகம் பார்க்கவில்லை. கடைசி நாள் அதற்குத்தான் வைத்திருந்தோம், அப்பா இன்னொரு தரம் பாந்தியன் போகலாமா என்று கேட்டார். போனோம்.

நேற்று அவரிடம் வேலை பார்த்த பழைய ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, உச்சித் திறப்பைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு, "இந்த இடத்துல நாலடிதான்டா கனம், கம்பி கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் நம்பவில்லை.