தமிழில் பேசிய ஜாக்கி சான்

போன வாரம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில், சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன், சூப்பர் ஹீரோ படங்கள் பற்றிப் பேச்சு வந்தது. என் முறை வந்தபோது, ஸ்பைடர்மேனைத் தமிழில்தான் பார்த்தேன், ஜாக்கி சானைச் சுட்டி டிவியில்தான் பார்த்தேன் என்று சொன்னேன். "ஐயோ டப்பிங்லயா? அதையெல்லாம் எப்படிப் பார்த்தீங்க?" என்று ஒருவர் முகம் சுளித்தார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரை செல்லூர்க்காரன். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். டிவியில் யார் என்ன பேசினாலும் அந்தச் சத்தத்தைத் தாண்டித்தான் காதுக்கு வர வேண்டும். சக்திமான் ஓடிய காலத்தில் நான் ரொம்பச் சின்னப் பையன். அது தூர்தர்ஷனில் இந்தியில் வரும். ஒரு வார்த்தை புரியாது. அவர் சுற்றுவது மட்டும் புரியும். நாங்களும் கையைத் தூக்கிக்கொண்டு தலை கிறுகிறுக்கும்வரை சுற்றுவோம். கதை என்ன, வில்லனுக்கு என்ன கோபம், எதுவும் தெரியாது. தெரிந்த மாதிரி பெரிய பையன்கள் சொல்வார்கள், அதைத்தான் நம்பினோம்.

சுட்டி டிவி வந்தது 2007 ஏப்ரல் 29ஆம் தேதி. முழுப்பரீட்சை லீவு, சித்திரைத் திருவிழா நேரம். எங்களுக்கு அழகர் ஆற்றில் இறங்கும் இடம் நடக்கிற தூரம்தான். அந்த வருடம் திருவிழாக் கூட்டத்தில் நிற்கும்போதே, வீட்டுக்குப் போனால் டிவியில் என்ன ஓடும் என்ற நினைப்புதான் எனக்கு. நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கென்று ஒரு சேனல், அதுவும் எல்லாமே தமிழில். பதினோரு வயதுப் பையனுக்கு வேறு என்ன வேண்டும்?

அதில் வந்த ஜாக்கி சான் கார்ட்டூன்தான் எங்கள் தெருவையே கட்டிப்போட்டது. சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், அவரோடு ஜாக்கி, கூடவே ஜேட் என்று கிட்டத்தட்ட என் வயதில் ஒரு வாலுப்பெண். பன்னிரண்டு தாயத்துக் கல். சீன வருடக் கணக்கில் வரும் பன்னிரண்டு மிருகங்களில் கல்லுக்கு ஒன்று, கல்லுக்கு ஒரு சக்தி. முயல் என்றால் வேகம், சேவல் என்றால் பறக்கலாம், பாம்பு என்றால் கண்ணுக்குத் தெரியாமல் மறையலாம், குதிரை என்றால் காயமும் நோயும் ஆறும். உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி, சிமெண்ட் திண்ணையில் தேய்த்துத் தேய்த்து எட்டு மூலை வரவைத்து, சாக்பீஸால் மிருகம் வரைந்து நாங்களும் பன்னிரண்டு செய்தோம். டிராகன் யாருக்கு என்பதில் சண்டை வந்து இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தக் கார்ட்டூனை எங்களோடு உட்கார்ந்து விடாமல் பார்த்தவர் என் அப்பத்தா. தறிக்கான நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக்கொண்டே பார்ப்பார். கை அது பாட்டுக்குச் சுற்றும், கண் டிவியில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. மந்திரத்தை மந்திரத்தால்தான் முறிக்க முடியும் என்று கடைக்காரப் பெரியவர் சொல்லும்போதெல்லாம், "சரியாத்தான் சொல்றாரு" என்று தலையாட்டுவார். அந்தப் பெரியவர் கையில் காய்ந்த மீன் ஒன்றை வைத்துக்கொண்டு 'யூ மோ குய் க்வாய் ஃபை டி ஸாவ்' என்று ஓதுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பத்தாதான் சொன்னார்: "பேய விரட்டுறாருடா. நம்ம ஊர் கோடாங்கிக்கு வேப்பங்கொழ, அவுக ஊர்ல மீனு."

பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தேன். அது காண்டனீஸ் மொழி. 'கெட்ட பேய்களே, சீக்கிரம் ஓடிப் போங்கள்' என்பதுதான் அர்த்தம். மற்றதெல்லாம் தமிழில் இருந்ததால் தமிழில் இல்லாத அந்த ஒரு வரியையும் அப்பத்தா புரிந்துகொண்டுவிட்டார். ஒருநாள், "அந்தக் குதிரக் கல்லக் குடுடா, முட்டில வச்சுப் பாப்போம்" என்று எங்கள் ஓட்டுச் சில்லை வாங்கி முழங்காலில் வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விளையாட்டுக்குத்தான் செய்தார் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதே நிகழ்ச்சி ஆங்கிலத்திலேயே வந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். சண்டை, பறப்பது, குதிப்பது எல்லாம் பிடித்திருக்கும். அப்பத்தா எழுந்து போயிருப்பார்.

அதே லீவில், மே முதல் வாரத்தில், ஸ்பைடர்மேன் மூன்றாம் பாகம் வந்தது. மாமா எங்கள் எல்லோரையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். அம்மா வர மாட்டேன் என்றார். "இங்கிலீஷ் படத்துக்கு நான் எதுக்கு?" என்று கேட்டார். தமிழில்தான் ஓடுகிறது என்று மாமா சொன்னதும் கிளம்பினார். அந்தப் படத்தில் மணல் மனிதன் உருவாகும் காட்சி ஒன்று உண்டு. குவியலில் இருந்து மணல் பொலபொலவென்று எழும்பும், உதிரும், மறுபடி எழும்பும். கை வரும், தலை வரும், நிற்க முடியாமல் சரியும். கீழே கிடக்கும் லாக்கெட்டை எடுக்கப் போனால் கை உதிர்ந்துபோகும். அந்த லாக்கெட்டுக்குள் அவன் மகளின் படம். சீக்காகக் கிடக்கும் மகளுக்காகத்தான் அவன் திருடப்போனான். எனக்கு அந்த மணல்தான் பெரிய அதிசயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்பைடர்மேன் அவனை மன்னித்துவிட்டபோது, "நல்ல பிள்ள" என்றார்.

மொழி புரியாமல் பார்த்திருந்தால் அம்மாவுக்கு அவன் ஒரு பூதம். தமிழில் பார்த்ததால் ஒரு அப்பன். டப்பிங்கை மட்டமாகப் பேசுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எங்கள் அப்பா காலத்தில் இப்படி இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த ரீகல் தியேட்டர் ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போனது. அப்பாவும் கூட்டாளிகளும் அங்கே போய்ச் சண்டையை மட்டும் பார்த்துவிட்டு, கதையைத் திரும்பி வரும் வழியில் அவர்களே கட்டிக்கொள்வார்களாம். ஆனால் அவருக்கும் தமிழ் பேசிய வீரன் ஒருவன் இருந்தான்: இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன் கதைதான். பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி வந்தது. பிறந்தது பிரிட்டிஷ் பத்திரிகையில், அங்கே அவன் பெயர் வேறு. அப்பாவிடம் அந்த ஆங்கிலப் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார். இரும்புக்கை மாயாவி என்றால் முகமே மாறும்.

பெயருக்கு அவ்வளவு பலம். டோரா கார்ட்டூனில் டோராவோடு வரும் குரங்குக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ் என்று பெயர். அதைப் புஜ்ஜி ஆக்கியது யார்? எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே திரிந்தால், 'டோரா புஜ்ஜி வந்துட்டாங்க' என்கிறோம். அதில் வரும் திருட்டு நரியைப் பார்த்து 'குள்ளநரி திருடக் கூடாது' என்று எங்கள் வகுப்பே சேர்ந்து கத்தியிருக்கிறது. ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ எழுதிய சொல் ஊர்ப் பேச்சில் கலந்துவிட்டது. எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாது, பேசியவர் பெயரும் தெரியாது.

டப்பிங் லேசான வேலையும் கிடையாது. அங்கே உதடு ஒட்டும் இடத்தில் இங்கே ப, ம மாதிரி ஒரு எழுத்து விழ வேண்டும். அவன் இரண்டு சொல்லில் முடிப்பதை நாம் வினைமுற்று வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வாய் மூடுவதற்குள். சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் வளர்ந்த பெண் ஒருவர்தான் குரல் கொடுப்பார். மூச்சு வாங்க ஓடுவது, விழுவது, அழுவது எல்லாம் மைக் முன்னால் நின்றபடியே. ஜேட்டுக்குப் பேசிய அந்தப் பெண்ணை நேரில் பார்த்தால், எங்கள் அப்பத்தாவின் சாயங்காலங்களுக்காக ஒரு நன்றி சொல்ல வேண்டும். உங்களில் யாருக்காவது அவர் பெயர் தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இப்போது என் அக்கா மகளுக்கு ஏழு வயது. கார்ட்டூன் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பார்ப்பாள். போனில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மூலையில் தனியாக. ஆங்கிலம் வரட்டும் என்று அக்கா நினைக்கிறாள், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் என் அம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், இரண்டு பேருக்கும் இடையில் பேச ஒன்றும் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பார்ப்பதைப் பெரிய டிவியில் போட்டு, செட்டிங்கில் தமிழுக்கு மாற்றினேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் போயிருக்கும். உருவுவதை நிறுத்திவிட்டு, "ஏண்டி, அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்காங்க அம்மாச்சி, அவங்கதான் ராணி. ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று இவள் தள்ளி வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லக் கூடாது?"

அவள் முதல் பாகத்தில் இருந்து கதையை ஆரம்பித்தாள். கீரை அப்படியே கிடந்தது.