ஸ்கிரீன் இருக்கட்டும், கப்ளர் என்ன ஆச்சு?

காருக்கு டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள் ரேம் எத்தனை ஜிபி, ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் கேள்வி இதுதான்: என் வண்டி மாடலுக்கும் தயாரிப்பு வருடத்துக்கும் சரியாக உட்காரும் ஃப்ரேமும் கப்ளரும் (ஒயர்களைச் செருகும் பிளக்) கூடவே வருமா? மாட்டிய பிறகு வரும் தொல்லைகளில் பல ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கும் ஒயரிங்கில்தான் தொடங்குகின்றன.

டேஷ்போர்டில் ஸ்டீரியோ உட்காரும் டபுள் டின் அளவுத் துளை ஏறத்தாழ 180க்கு 100 மில்லிமீட்டர். 7 இன்ச் யூனிட் அதில் நேராகப் போய்விடும். 9, 10 இன்ச் போகாது. அந்த மாடலுக்கென்றே வார்த்த ஃப்ரேம் வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற ஃப்ரேமை நம்பி டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை அறுக்கச் சம்மதிக்காதீர்கள்.

பேனலில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பானர் போதும். பேனலை நெம்பப் பிளாஸ்டிக் கருவிதான். ஸ்க்ரூடிரைவர் தழும்பு விழுந்தால் போகாது. ஹஸார்டு சுவிட்ச், சில வண்டிகளில் பயணி பக்க ஏர்பேக் விளக்கு எல்லாம் அந்தப் பேனலோடு வரும். அவற்றின் கப்ளரைத் திரும்பச் செருகாமல் இக்னிஷன் போட்டால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். அப்புறம் ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டியிருக்கும்.

இனி ஒயர். யூனிட் பக்கம் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு இக்னிஷன் போட்டால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த். மஞ்சளில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் நேரமும் செட்டிங்கும் அழியும். சில ஐரோப்பிய வண்டிகளின் சாக்கெட்டில் இந்த இரண்டும் இடம் மாறியே இருக்கும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி, வண்டியில் எப்போதும் 12 வோல்ட் வரும் ஒயரில் கொடுத்தாலோ ஸ்டீரியோ தூங்கவே தூங்காது, பேட்டரி காலியாகும். ஆகவே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாவி திருப்பியும் சிவப்புக்கு வோல்ட் வராவிட்டால் அந்த வண்டியில் இக்னிஷன் தகவல் கேன் பஸ் (வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் டேட்டா ஒயர்) வழியாக வரக்கூடும். அப்படியானால் அந்தத் தகவலை ஸ்டீரியோவுக்குப் புரியவைக்கும் கேன் பாக்ஸ் இல்லாமல் ஸ்டியரிங் பட்டனும் வேலை செய்யாது.

ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல் முன்பக்க இடது வலது. பச்சை, ஊதா பின்பக்க இடது வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். இந்த நெகட்டிவை எந்தக் காரணத்துக்காகவும் பாடி எர்த்தில் கொடுக்கக் கூடாது. இப்போதைய யூனிட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையுமே ஆம்ப் ஐசிதான் (ஒலியைப் பெருக்கும் சிப்) ஓட்டுகிறது. எர்த்தானால் ஐசி போய்விடும். பெட்டியில் 4 பெருக்கல் 50 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படியே 26 வாட்டுக்கு மேல் தொடர்ச்சியாக வராது. நடைமுறையில் இன்னும் குறைவு.

ஒரிஜினல் கப்ளரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுவது பழைய பழக்கம். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுக்குள் அந்தப் பசை உருகி டேப் கழன்றுவிடும். நேரடிக் கப்ளர் கிடைக்காவிட்டால் கிரிம்ப் செய்து (உலோக இணைப்பானை நசுக்கி இறுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். மிச்ச ஒயரையெல்லாம் யூனிட்டுக்குப் பின்னால் திணித்தால் ஃப்ரேம் துருத்திக்கொண்டு நிற்கும், வெப்பமும் போகாது. துணி டேப் சுற்றி, கையுறைப் பெட்டிப் பக்கம் இறக்கிக் கட்டிவிடுங்கள்.

எஃப்எம் திடீரென மோசமானால் உடனே யூனிட்டைத் திட்டாதீர்கள். ஆன்டெனாவுக்குள் பூஸ்டர் இருந்தால் அதற்கு நீல ஒயரிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். ஜிபிஎஸ் ஆன்டெனாவை டேஷ்போர்டின் மேல்பிளாஸ்டிக்குக்கு அடியில் வைக்கலாம், மேலே இரும்புச் சட்டம் மறைக்காத வரை. மைக்கை ஏசி துவாரத்திலிருந்து தள்ளி, ஓட்டுநர் பக்கத் தூணில் வையுங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட் இல்லாத இரும்பில் இறுக்கியிருக்க வேண்டும்.

ரிவர்ஸ் கேமரா படம் கறுப்பு வெள்ளையில் உருண்டாலோ வராமலே போனாலோ, பெரும்பாலும் செட்டிங்கில் ஏஎச்டி, என்டிஎஸ்சி, பால் ஆகிய வீடியோ சிக்னல் வகைகளில் தப்பானது தேர்வாகியிருக்கும். படம் விட்டுவிட்டு வந்தால் கேமராவுக்குக் கொடுத்த ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் துடிப்பாக வரக்கூடும். அப்படியானால் இடையில் ஃபில்டரோ ரிலேவோ போட்டால் சரியாகும்.

பார்க்கிங் பிரேக் ஒயரை நேராக எர்த்தில் கொடுத்து, ஓட்டும்போதே வீடியோ ஓட வைத்துக் கொடுப்பது இப்போது ஒரு சேவையாகிவிட்டது. அது வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் இழுத்தால் எர்த் கொடுக்கும் சுவிட்ச் வண்டியிலேயே இருக்கிறது, அங்கே சேர்க்கச் சொல்லுங்கள்.

பேனலை மூடும் முன் நான்கு ஸ்பீக்கர், கேமரா, ஸ்டியரிங் பட்டன், ஹஸார்டு எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பிறகு வண்டியை அணைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துக் கதவுகளைப் பூட்டி அரைமணி நேரம் விடுங்கள். அதுவரை இக்னிஷன் போடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டி, ஸ்டீரியோ ஃபியூஸை உருவியதும் இறங்கினால், சிவப்பு ஒயரையோ கேன் பாக்ஸையோ மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் காசு கொடுங்கள்.