உலகம் முழுவதற்கும் என்று அச்சிட்டு விற்கிறார்கள்

நம் பிளக்கை வெளிநாட்டுச் சாக்கெட்டில் செருக உதவும் அடாப்டர் ஒன்றை, "ஐரோப்பா" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டதை வாங்கி, அதையே நம்பிச் சூரிச் நகரில் போய் இறங்கி, இரவு 11 மணிக்கு விடுதி அறையின் சுவரோரம் மண்டியிட்டு, எப்படித் திருப்பினாலும் அது சாக்கெட்டுக்குள் நுழையப் போவதில்லை என்று கண்டுகொண்டேன். அன்று மூண்ட கோபம் இன்னும் அடங்கவில்லை. கைப்பேசியில் 4 சதவீதம் சார்ஜ்தான் மிச்சம் இருந்தது. மறுநாள் அதிகாலை ரயிலுக்கான பயணச்சீட்டும் அடுத்த ஊரில் தங்க வேண்டிய இடத்தின் முகவரியும் அதற்குள்தான் இருந்தன.

நான் வாங்கியது ஜெர்மனியின் சாக்கெட்டுக்கு ஏற்ற, வட்டமான பருத்த உடல் கொண்ட அடாப்டர். அதன் பின்கள் 4.8 மில்லிமீட்டர் தடிமன் உடையவை. சுவிட்சர்லாந்தின் சாக்கெட்டோ அறுகோணமாகக் குழிந்திருக்கும். அதன் துளைகள் 4 மில்லிமீட்டர் பின்களுக்கானவை. ஆகவே உடலும் நுழையாது, பின்களும் நுழையா. இதில் என்னை மேலும் கொதிக்க வைப்பது என்னவென்றால், 4 மில்லிமீட்டர் பின்கள் இரண்டும் தட்டையான சிறு உடலும் கொண்ட சி வகை பிளக் என்று ஒன்று இருக்கிறது. கைப்பேசி சார்ஜர் போன்ற சிறு கருவிகளுக்கென்றே அமைந்த அது, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, டென்மார்க் என எல்லா இடங்களிலும் பொருந்தும். அந்த வடிவில் செய்திருந்தால் எனக்கு இந்த நிலை வந்திராது. பருத்த வடிவில் செய்ததுகூடக் குற்றமில்லை. எந்தெந்த நாட்டுக்கு ஆகாது என்று ஒரு வரி அச்சிடாமல் ஒரு கண்டத்தின் பெயரையே மேலே போட்டு விற்றதுதான் குற்றம்.

இனி ஏமாறக் கூடாது என்று அடுத்த பயணத்துக்கு முன் "150 நாடுகளுக்கும் ஒன்றே" என்று எழுதியிருந்த, பக்கவாட்டில் நெம்பித் தள்ளினால் விதவிதமான பின்கள் வெளிவரும் அடாப்டரை வாங்கினேன். அது நுழைய வேண்டிய இடத்தில் நுழையத்தான் செய்தது. ஆனால் மடிக்கணினியின் உலோக உடலில் கை வைத்தபோதெல்லாம் விரல் நுனியில் மெல்லிய விறுவிறுப்பு ஓடியது. இத்தகைய அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில், கசியும் மின்சாரத்தை நம் உடலில் பாயாமல் நிலத்துக்குக் கடத்தும் எர்த் இணைப்பே கிடையாது என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். ஜெர்மனியின் சாக்கெட்டில் எர்த் என்பது பக்கவாட்டில் உள்ள உலோகப் பட்டைகள். பிரான்சில் அது சாக்கெட்டுக்குள்ளிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பின். வெறும் இரண்டு பின்களை நீட்டும் அடாப்டர் இவை இரண்டையுமே தொடுவதில்லை. பிரிட்டனுக்கான அமைப்பில் நடப்பது இதைவிட மோசம். அந்நாட்டு சாக்கெட்டில் எர்த் பின் முதலில் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடிகள் திறக்கும். அதற்காக இந்த அடாப்டர்களில் மூன்றாவது பின்னைப் பிளாஸ்டிக்கில் செய்து வைக்கிறார்கள். மூடியைத் திறக்கும் வேலையை அது செய்யும்; உயிரைக் காக்கும் வேலையைச் செய்யாது. பார்ப்பவர் மூன்று பின் இருக்கிறது, பாதுகாப்பாக இருக்கிறது என்றே நம்புவார். இதில் சார்ஜரை மட்டும் செருகினால் விரல் நுனி விறுவிறுப்போடு போய்விடும். உலோக உடல் கொண்ட இஸ்திரிப் பெட்டியை இதில் செருகி, உள்ளே மின்கம்பி உடலில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இதைச் செய்தவர்கள் அறியாதவர்களா?

அதற்கும் மேலாக, அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது, மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை என்ற அடிப்படைச் செய்தியையே பெட்டியின் முகப்பிலிருந்து ஒளித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், ஐரோப்பாவில் 230 வோல்ட். கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்களில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருப்பதால் அவை எங்கும் பிழைத்துக்கொள்ளும். சூடாக்கும் கருவிகள் அப்படியல்ல. 120 வோல்ட்டுக்கான முடி உலர்த்தியை 230 வோல்ட்டில் செருகினால் அது இழுக்கும் மின்திறன் மூன்றரை மடங்கையும் தாண்டும். சில நொடிகளில் புகைந்துபோகும். மறுபுறம், 230 வோல்ட்டில் 1500 வாட்டாக வேலை செய்யும் தண்ணீர் கெட்டிலை ஜப்பானில் செருகினால் 300 வாட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் வைத்துவிட்டு அரை மணி நேரம் அழுகையோடு காத்திருந்த ஒரு தாயை நான் அறிவேன். கெட்டில் பழுதாகிவிட்டது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தாங்கும் திறனைக் குறிப்பிடுவதிலும் இதே கயமை. 6 ஆம்பியர் மட்டுமே தாங்கும் அடாப்டரில், 230 வோல்ட்டுக்கான 1380 வாட் என்ற எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அதே அடாப்டர் 100 வோல்ட் நாட்டில் 600 வாட்தான் தாங்கும் என்பது பெட்டியின் அடியில், கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் மட்டுமே படிக்க முடிகிற எழுத்தில் இருக்கும்.

நாடுகள் ஒன்றுகூடி ஒரே பிளக்கை ஏற்றுக்கொண்டால் தீர்ந்துவிடுமே என்பார்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986 ஆம் ஆண்டிலேயே அப்படி ஒரு வடிவத்தை வெளியிட்டது. ஐரோப்பா அதை ஏற்கவில்லை. பிரேசில் அதைத் தழுவிக்கொண்டது. ஆனால் அங்கே சில ஊர்களில் 127 வோல்ட், சில ஊர்களில் 220 வோல்ட், இரண்டும் ஒரே முகம் கொண்ட சாக்கெட்டிலிருந்து வருகின்றன. எல்லா நாட்டுச் சுவர்களையும் உடைத்துக் கம்பியை மாற்றும்படி நான் கேட்கவில்லை. அது நடக்காது என்று எனக்கும் தெரியும். பெட்டியின் மேல் மூன்று வரிகளை, நாடுகளின் எண்ணிக்கையை அச்சிடும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்: மின்னழுத்தத்தை மாற்றாது, எர்த் இல்லை, இத்தனை ஆம்பியருக்கு மேல் தாங்காது.

ஊர் திரும்பியதும் அந்த அடாப்டரை வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்று, பிளாஸ்டிக் பின்னைத் தொட்டுக் காட்டி, எர்த் எங்கே என்று கேட்டேன். விற்பனையாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து, "150 நாடுகளுக்கும் ஒன்றே" என்ற வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.