பிப்ரவரி 9-ம் ஒரு ரூபாயும்

ஊரில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை, பிப்ரவரி 9 வந்தால் ஒரு படம் அனுப்புவாள். எல்லோரும் கை நீட்டிக் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கும் படம். 1976-இல் அந்தத் தேதியில்தான் ஒழிப்புச் சட்டம் வந்தது. இங்கே டெல்லியில் நான் இருக்கும் பக்கம் அந்த நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நாடு முழுக்க அந்த நாளை அனுசரிக்க வேண்டும். ஆனால் உறுதிமொழியோடு நிறுத்தக் கூடாது.

தினமும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. அந்தப் போட்டிக்கான கட்டட வேலைகளில் குறைந்தபட்ச நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்துவந்த ஜமாதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். உழைத்தவர் கைக்கு வந்தது 8.25. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று 1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். பசியால் ஒப்புக்கொண்டாலும் அது கட்டாயம்தான் என்றார். எத்தனை பெரிய வார்த்தை! அதைச் சொல்லும் ஒரு பலகைகூட நான் போகும் வழியில் இல்லை.

1833-இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களின் இடத்துக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். மொரீஷியஸ் இதை மறைக்கவில்லை. அடிமை முறை ஒழிந்த பிப்ரவரி 1-ம் அங்கே விடுமுறை, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நவம்பர் 2-ம் விடுமுறை. முடிந்ததையும், வேறு பெயரில் தொடர்ந்ததையும் சேர்த்தே நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

இங்கே பிப்ரவரி 9 அன்று ஒவ்வொரு கலெக்டரும் மக்கள் முன்னால் கணக்குச் சொல்லட்டும். இந்த வருஷம் எத்தனை பேருக்கு விடுதலைச் சான்றிதழ் கொடுத்தோம், மறுவாழ்வுப் பணம் எத்தனை பேர் கைக்குப் போனது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று. மத்திய அரசின் 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் என்றிருக்கிறது. ஆனால் முழுத் தொகையை, அடிமையாக வைத்திருந்தவர் மீதான வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். செங்கல் சூளையிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பம் அதுவரை எதைச் சாப்பிடும்? மறுபடி யாரிடமாவது முன்பணம் வாங்கத்தான் போகும்.

அப்புறம், அந்த ஸ்டேடியம் வாசலில் ஒரு கல் நட வேண்டும். 9.25, 8.25 என்ற இரண்டு எண்களும் தீர்ப்பு வந்த தேதியும் அதில் இருந்தால் போதும். மந்திரி வேண்டாம். சூளையிலிருந்தோ கல்குவாரியிலிருந்தோ மீண்டு வந்த ஒருவர் அதைத் திறந்து வைக்கட்டும்.