கோடு போட்ட நோட்டா, போடாத நோட்டா?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் சொன்னதைக் காதில் வாங்குவதே இல்லை என்பது ஆசிரியர் அறையில் அன்றாடம் எழும் புலம்பல். நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் நானும் பல ஆண்டுகள் அதில் சேர்ந்து புலம்பியவன்தான்.

“கணக்கு நோட்டை எடுங்கள், தேதி போடுங்கள், ஓரக்கோடு போட்டுவிட்டு ஒற்றைப்படைக் கணக்குகளை மட்டும் செய்யுங்கள், முடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்துங்கள்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். மறுநொடியே “சார், கோடு போட்ட நோட்டா, போடாத நோட்டா?” என்று நாலாபுறமிருந்தும் குரல் வரும். பைக்குள் தலையை விட்டு நோட்டைத் தேடிக்கொண்டிருக்கும் 12 வயதுப் பிள்ளையின் காதில் என் ஐந்து கட்டளைகளில் எத்தனை விழுந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அதைவிடப் பெரிய தவறு, கேட்டவர்களுக்கெல்லாம் மீண்டும் மீண்டும் சொன்னதுதான். நான்காவது முறையும் சார் சொல்வார் என்று தெரிந்துவிட்டால், முதல் முறை எதற்காகக் கவனிக்க வேண்டும்?

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை 3 நொடியாக நீட்டினாலே மாணவர்களின் விடைகள் மேம்படுகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்தது கேள்விகளை. நான் அதைக் கட்டளைகளுக்கும் பொருத்திப் பார்த்தேன். இப்போது பேனாக்கள் கீழே வைக்கப்படும் வரை வாய் திறப்பதில்லை. ஒரு நேரத்தில் இரண்டு வேலைகளுக்கு மேல் சொல்வதில்லை. மற்றவற்றைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரேனும் ஒருவரை நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். குறும்பு செய்பவனையே தேடிப் பிடித்துக் கேட்டால் அது தண்டனையாகிவிடும் என்பதால், அதைத் தவிர்க்கிறேன்.

“வாயில் விரல் வை” என்பது இரண்டாம் வகுப்பில் செல்லுபடியாகலாம். மீசை அரும்பும் வயதில் அது அவமானம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடியை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைப் பிரம்பை மட்டும் கீழே வைத்த பலர் மறந்துவிடுகிறோம்.

விளையாட்டுப் பாடவேளை முடிந்து வியர்க்க விறுவிறுக்க வருபவர்களிடம் மட்டும் இந்த முறை எதுவும் பலிப்பதில்லை. அன்று முதல் ஐந்து நிமிடம் தண்ணீர் குடிக்க விட்டுவிட்டு, நானும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன்.